மருந்து இல்லாத நோய்க்குத் தீவிர சிகிச்சை

அன்புள்ள டாக்டர் தங்கைக்கு,

வணக்கம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி தொடங்கவிருக்கும் நீங்கள் அனுப்பிய கேள்வி நியாயமானது. கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழல்களில் வைரஸால் வரும் அழற்சியான பிராங்கியோலைட்டிஸுக்கு, மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டால், மூச்சுத் திணறலோடு வந்து சேரும் மூன்று மாதக் குழந்தைக்கு நாம் செய்வதுதான் என்ன என்று கேட்டிருந்தீர்கள். இதே சந்தேகம் வேறு பலருக்கும் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஆர்.எஸ்.வி., ரைனோ, மெட்டாநிமோ ஆகிய வைரஸ்களில் எது காரணமாக இருந்தாலும், நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்களின் உட்சுவர் வீங்க, உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதன் வழியே காற்று ஓடுவதற்கான தடை ஏறத்தாழ 16 மடங்காகிறது. பெரியவர்களுக்கு ஜலதோஷமாகக் கழிந்துபோகும் அதே தொற்று கைக்குழந்தையைத் திணறடிப்பதற்கு இதுவே முதல் காரணம். அடைப்பு பெரும்பாலும் வீக்கத்தாலும் சளியாலும் வருவதே தவிரத் தசைச் சுருக்கத்தால் வருவதில்லை. ஆஸ்துமாவில் நன்றாக வேலை செய்யும் சால்பூட்டமால் இங்கே கைகொடுக்காமல் போவது அதனால்தான். சில குழல்கள் முழுதாக அடைபட்டு, அவற்றுக்கு அப்பாலுள்ள பகுதி சுருங்கிவிடும். வேறு சில, காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரே நுரையீரலில் சுருங்கிய இடமும் ஊதிப்போன இடமும் அடுத்தடுத்து இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் வெண்திட்டு பல நேரங்களில் இந்தச் சுருக்கம்தான். அதை நிமோனியா என்று வாசித்து ஆன்டிபயாடிக் தொடங்குவது நம் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இந்த நோய் பொதுவாக 3 முதல் 5ஆம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பின் தானாகவே இறங்கும். ஆகவே ஒரு குழந்தையைப் பற்றி உங்களிடம் சொல்லப்படும்போது, ஆக்சிஜன் அளவைக் கேட்பதற்கு முன், இது நோயின் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள். 2ஆம் நாளிலேயே விலா இடுக்குகள் உள்வாங்கும் குழந்தைக்கு மேடு இன்னும் பாக்கி இருக்கிறது. அதே தோற்றத்தோடு 6ஆம் நாளில் இருக்கும் குழந்தை அநேகமாக இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த இறக்கம் வரும்வரை குழந்தை களைத்துவிடாமல் தாங்குவதும், தாங்குகிறோம் என்ற பெயரில் புதிய தீங்கு எதையும் சேர்க்காமல் இருப்பதும்தான் நம் வேலை. உங்கள் கேள்விக்கான பதில் அவ்வளவுதான் என்றாலும், அதைச் செய்வது சுலபமில்லை.

மூச்சுக்கான ஆதரவில் இன்று முதலில் கை போவது ஹை ஃப்ளோவுக்கு. சூடும் ஈரமும் ஏற்றிய காற்று-ஆக்சிஜன் கலவையைக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற கணக்கில் மூக்குவழியே செலுத்துகிறோம். 2018இல் வெளியான பாரிஸ் ஆய்வு, பெயர் அப்படி இருந்தாலும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1472 குழந்தைகளிடம் நடந்தது. அதில் ஹை ஃப்ளோ பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கும் சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கும் சிகிச்சையை உயர்த்த வேண்டியிருந்தது. இந்த எண்களை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் மீதியைச் சொல்வதில்லை: மருத்துவமனையில் தங்கிய காலமோ ஆக்சிஜன் தேவைப்பட்ட காலமோ குறையவில்லை, சாதாரண ஆக்சிஜனில் தோற்ற குழந்தைகளில் 61 சதவீதத்தினர் பிறகு ஹை ஃப்ளோ தந்தபோது தேறிக்கொண்டனர். எனவே ஹை ஃப்ளோ நோயைச் சுருக்குவதில்லை. மூச்சுவிடும் உழைப்பைக் குறைக்கிறது. லேசான நோயுள்ள குழந்தைக்கெல்லாம் அதை மாட்டிவிடுவதை நான் ஆதரிக்கவில்லை.

அது போதாதபோது சிபேப், அதாவது மூச்சுவழி மூடிவிடாமல் தொடர்ந்து அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் முறை. பிரான்சில் நடந்து 2017இல் வெளியான டிராமோன்டேன் ஆய்வில், தீவிரப் பிரிவுகளில் இருந்த ஆறு மாதத்துக்குட்பட்ட 142 குழந்தைகளை, 7 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் சிபேப், கிலோவுக்கு 2 லிட்டர் வீதம் ஹை ஃப்ளோ என்று இரு பிரிவாக்கினார்கள். சிபேப் 31 சதவீதத்தினரிடமும் ஹை ஃப்ளோ ஏறத்தாழ 51 சதவீதத்தினரிடமும் தோற்றன. ஆனாலும் ஒன்றில் தோற்றவர்களை மற்றொன்றுக்கு மாற்ற முடிந்ததால், மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிவந்தவர்களின் அளவு இரு பிரிவிலும் பெரிதாக வேறுபடவில்லை. இதில் நான் கற்றுக்கொண்டது, எந்தக் கருவியில் தொடங்குகிறோம் என்பதைவிட, அது போதவில்லை என்பதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறோம் என்பது முக்கியம் என்பதே. தொடங்கிய ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் சற்றாவது இறங்கவில்லை என்றால், அடுத்த படிக்குத் தயாராகுங்கள்.

ஆனால் மூச்சு வேகம் குறைவதெல்லாம் நல்ல செய்தியும் இல்லை. நிமிடத்துக்கு 75 முறை இளைத்த குழந்தை திடீரென 35க்கு வந்து, அழவும் திராணியின்றிக் கிடந்தால், அது தேறுவதல்ல, தளர்வது. நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த வீசிங் ஒலி மறைவதும் அப்படியே. காற்று போகாத இடத்தில் ஒலியும் இருக்காது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களிலும் திணறலுக்கு முன்பே மூச்சு நின்றுபோகக்கூடும். மானிட்டர் அலாரத்துக்கு முதலில் ஓடிவரும் செவிலியர் சொல்வதை அப்போது எண்களைவிட மேலாக மதியுங்கள்.

டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்த பிறகு வரும் பிழைகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. கரியமில வாயு ஏறியிருக்கிறது என்று மூச்சு எண்ணிக்கையைக் கூட்டினால், வெளிமூச்சுக்கு நேரம் கிடைக்காமல் காற்று உள்ளேயே தேங்கி, அழுத்தம் ஏறி, நிலைமை இன்னும் மோசமாகும். எண்ணிக்கையைக் குறைத்து வெளிமூச்சுக்கு நேரம் கொடுங்கள்; வென்டிலேட்டர் திரையின் காற்றோட்ட வரைபடத்தில் வெளிமூச்சுக் கோடு அடுத்த மூச்சுக்கு முன் சுழியத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.2க்கு மேல் இருக்கும்வரை உயர்ந்த கரியமில வாயுவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூக்கைச் சொல்ல மறக்கக்கூடாது. இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கிறார்கள். மேலோட்டமாக ஒருமுறை சளியை உறிஞ்சியெடுத்த பிறகு, போட நினைத்த கருவி தேவைப்படாமலே போவதுண்டு. ஆழமாக அடிக்கடி உறிஞ்சினால் சவ்வு வீங்கி அடைப்பு கூடும். மூக்கிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் வழியே தாய்ப்பாலைத் தொடர்வதற்கு ஹை ஃப்ளோ தடையில்லை. சிரை வழியே திரவம் தர வேண்டியிருந்தால் ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு இணையான ஐசோடானிக் திரவமாகவும் வழக்கமான அளவைவிடக் குறைவாகவும் தாருங்கள். இந்நோயில் நீரைத் தேக்கும் ஹார்மோன் மிகுந்து சோடியம் இறங்கி வலிப்பு வரலாம்.

இனி மருந்துகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதல் சால்பூட்டமால், எபிநெஃப்ரின், ஸ்டீராய்டு, நெஞ்சுப் பிசியோதெரபி ஆகியவற்றைப் பரிந்துரைக்கவில்லை. உங்கள் மூத்தவர்கள் சிலர், அதற்கு ஆதாரமான ஆய்வுகள் பெரும்பாலும் வார்டிலும் அவசரப் பிரிவிலும் நடந்தவை, நம் குழந்தைகள் அவற்றில் இல்லை என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆதாரம் இல்லாதது மருந்தைத் தருவதற்கான ஆதாரம் ஆகிவிடாது. கொடுத்தே தீர வேண்டும் என்றால், ஒருமுறை கொடுத்து, முன்னும் பின்னும் குழந்தையை நீங்களே பார்த்து, பலன் இல்லாவிட்டால் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். ஆறு மணிக்கொரு முறை என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஆன்டிபயாடிக்கில் மட்டும் எனக்கு இளக்கம் உண்டு: டியூப் போட வேண்டிய அளவுக்குத் தீவிரமான குழந்தைகளில் பாக்டீரியாவும் உடன் இருப்பது வார்டைவிட அதிகம் என்பதால், மாதிரியை எடுத்துவிட்டுத் தொடங்கி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றும் வளராதபோது நிறுத்துவதை ஏற்கிறேன்.

நிறுத்துவது பற்றியே இன்னும் ஒன்று. ஹை ஃப்ளோவைத் தொடங்க எல்லோரும் விரைகிறார்கள், குறைக்கத்தான் யாரும் முடிவெடுப்பதில்லை. நன்றாக மூச்சுவிடும் குழந்தை, காலைச் சுற்றில் யாரும் கேட்காததால் இன்னொரு நாளும் அதே ஓட்டத்தில் கிடக்கிறது. நாம் செலுத்தும் கலவையில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குக் கீழ் வந்து மூச்சின் உழைப்பும் தணிந்திருந்தால், குறைத்துப் பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம், குழந்தையின் அருகில் யாரும் புகைக்கக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த இருமலுக்கு எங்கோ ஒருவர் ஸ்டீராய்டு எழுதுவார்.

மயக்கமருந்தின் அளவையும் டியூபை எடுக்கும் நேரத்தையும் பற்றி நீங்கள் கேட்டிருந்தது தனிக் கடிதத்துக்குரியது. முதல் சில இரவுப் பணிகள் முடிந்தபின் எழுதுங்கள், உங்கள் முன்னால் இருக்கும் குழந்தைகளை வைத்தே பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்