கைலிக்கு ஒரு கறுப்புப் பட்டை

ரங்கூன் சொந்தங்களுக்கு வணக்கம்.

மூத்திரப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஏழு வாரமாகிறது. கட்டி போய்விட்டது, வலிதான் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் "இப்போ வலி இல்லையே?" என்று கேட்கும்போது இல்லையென்று தலையாட்டி வைக்கிறேன். பொய். இருமினால் தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு முட்டிக்கொண்டு வருவதுபோல் விழிப்புத் தட்டும். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மூத்திரப்பையையே எடுத்துவிட்டார்கள் என்பது ஞாபகம் வரும். இல்லாத பைக்கு என்ன அவசரமோ! சிலருக்கு இப்படி இருக்கும், நரம்பு பழசை மறக்க நாளாகும் என்றார் டாக்டர்.

பகலில் என்னை வாட்டியது வேறு. சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் மூத்திரம் வெளியே வர வாய் வைத்து, அதன்மேல் பை ஒட்டியிருக்கிறது. கைலி கட்டுகிறவனுக்கு இடுப்புச் சுற்று இறுகுகிற இடமும் அதுதான். இறுக்கினால் பை அமுங்கி ஓரத்தில் கசியும், கசிந்த இடத்தில் தோல் வெந்துபோகும். தளர்த்தினால் கைலி நிற்காது. ஒரு மாதம் ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

எங்கள் தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருக்கும் பர்மியப் பெண்மணியை அமா என்றுதான் கூப்பிடுவோம், நாம் அக்கா என்பதுபோல. இருபது வருஷமாக 'சாப்பிட்டாச்சா' என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. ஒருநாள் நான் வாசலில் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் அளவு டேப்போடு மாடியேறி வந்துவிட்டார். என்ன வியாதி என்று கேட்கவில்லை. பை எங்கே என்று மட்டும் கேட்டு, சாக்குக்கட்டியால் சட்டைமேல் கோடு போட்டு, இரண்டு பழைய கைலியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்த கைலியில், பர்மியப் பெண்கள் கட்டுகிற தமேன் என்ற கைலியின் மேல்விளிம்பில் வைக்கிற கறுப்புத் துணிப் பட்டையை வைத்துத் தைத்திருந்தார். உள்ளே நாடா. பைக்கு மேலே, விலாவுக்குக் கீழே லேசாகக் கட்டிக்கொள்ளலாம். வலப்பக்கம் கைவிட ஒரு திறப்பு. பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் கனத்தில் இழுக்கும். அதற்கு இனி கைலியை அவிழ்க்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வேர்வையில் ஒட்டாமலிருக்கப் பைக்கும் ஒரு பருத்தி உறை! பொம்பளைப் பட்டையை ஆண்பிள்ளை கட்டுவதா என்று தயங்கினேன். இந்த ஊரில் அது லேசான சங்கதியா? "சட்டைக்குள்ள யாரு பாக்கப் போறா" என்றார் அமா. கூலி நீட்டினேன். "கெய்ஸா மஷிபாபூ", பரவாயில்லை என்று மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

இரத்தம் கொடுத்த பிள்ளைகள், கோயிலில் அர்ச்சனை வைத்தவர்கள், கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டுப் பாய், சென்னையிலிருந்து பெட்டியில் பை கொண்டுவந்த மருமகன், கரண்ட் இல்லாத ராத்திரிகளில் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்த என் மனைவி, எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

அப்புறம் ஒன்று. இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். நானே அமாவிடம் கூட்டிப்போகிறேன், கூலி என் பொறுப்பு.

அமாவுக்குத் தமிழ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இதை எடுத்துப்போய் பர்மியத்தில் சொல்லப்போகிறேன். கறுப்புப் பட்டைக் கைலியில்தான்.