எத்தனை டன் கிரேன் என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு மரத்தை வெட்ட வந்த கிரேன் அந்த வீட்டுக் கூரை மேலேயே சாய்ந்து கிடக்கும் படம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. கூடவே ‘பாரம் தாங்காமல் 50 டன் கிரேன் கவிழ்ந்தது’ என்கிற மாதிரி ஒரு வரி. படிக்கிறவர் என்ன நினைப்பார்? கிரேனோ 50 டன், தூக்கியதோ ஒரு கிளை, இதற்குப் போய்க் கவிழுமா, ஆபரேட்டர் குடித்திருப்பான் என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கிரேன் வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், அந்த 50 டன் என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது.

பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, ஒடுக்கி, வண்டியின் சுழல் மையத்திலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் வைத்துத் தூக்கினால்தான் அந்த 50 டன். பூமை முழுக்க நீட்டி 30 மீட்டர் தள்ளித் தூக்கினால் அதே வண்டிக்கு இரண்டு மூன்று டன்னே அதிகம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். அதிலும் ஹூக், ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்கும் பட்டை) எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். வீட்டு மர வேலையில் வண்டி தெருவில்தான் நிற்கும், மரம் கொல்லைப்புறத்தில் இருக்கும், நடுவில் வீடு. அதாவது கிரேனுக்கு எந்த நிலையில் சக்தி ரொம்பக் குறைவோ அந்த நிலையில், அதுவும் ஆட்கள் குடியிருக்கும் கூரைக்கு மேலே வேலை நடக்கிறது.

சரி, கட்டுமான வேலையிலும் எட்டித்தானே தூக்குகிறார்கள், அங்கே இல்லாத ஆபத்து இங்கே என்ன என்று கேட்கலாம். கம்பிக் கட்டைத் தூக்கும்போது முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் பார்ப்போம். பாரம் மிஞ்சுகிறது என்று அலாரம் அடித்தாலோ வண்டி லேசாக அசைந்தாலோ அப்படியே இறக்கி வைத்துவிடலாம். மரத்தில் அந்த வசதி கிடையாது. ஸ்லிங்கை மாட்டி, மேலே ஏறியவர் அறுத்து முடிக்கும் வரை பாரம் மரத்தின் மேல்தான் இருக்கிறது. கேபினில் இருக்கும் மீட்டர் காட்டுவது ஆபரேட்டர் இழுத்துப் பிடித்திருக்கும் விசையை மட்டும்தான். கடைசி நார் அறுந்த நொடியில் முழு எடையும் கிரேனுக்கு வந்துவிடும். கணக்கு தப்பு என்று அப்போது தெரிந்து என்ன பயன், அறுத்த துண்டைத் திரும்ப மரத்தில் ஒட்டவா முடியும்? பாரம் ஏறியதும் பூம் வளைந்து துண்டு இன்னும் கொஞ்சம் வெளியே போகும், தூரம் கூடும், தாங்கும் திறன் மேலும் குறையும். அலாரம் அலறிக்கொண்டுதான் இருக்கும். (அந்த அலாரத்தைச் சாவி போட்டு அணைத்துவிட்டு வேலை பார்க்கும் ஆட்களும் உண்டு, அவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

அதனால் இந்த வேலையில் எல்லாமே அறுப்பதற்கு முன்னால் போடும் எடைக் கணக்கில் இருக்கிறது. பச்சை மரம் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 800 முதல் 1,000 கிலோ வரும், கனத்த ஜாதி என்றால் அதற்கும் மேலே. 60 செ.மீ. குறுக்களவு, 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு துண்டு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. அதே 3 மீட்டர் துண்டு 120 செ.மீ. தடிமன் என்றால் 3 டன்னைத் தாண்டலாம். மேலிருந்து இரண்டு மூன்று துண்டு நல்லபடியாக இறங்கியதும், ‘இதுவும் அதே நீளம்தானே, போடு’ என்று அடிமரத்துக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கவை உள்ள துண்டும் அப்படித்தான் ஏமாற்றும், வெளியே தெரியும் அளவைவிட எடை அதிகம் இருக்கும், கனம் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். ஸ்லிங் அந்தக் கனம் இருக்கும் இடத்துக்குக் கீழே மாட்டியிருந்தால் தூக்கியதும் தலைகுப்புறப் புரளும்.

எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதும் அனுபவம் பேசும் இடம். தளர்வாக விட்டால் அறுந்த துண்டு ஒரு முழம் கீழே விழுந்து ஸ்லிங்கில் வெடுக்கென்று தொங்கும், அந்த உதறலின் விசை துண்டின் சொந்த எடையைவிடப் பல மடங்கு இருக்கும். ரொம்ப இழுத்துவிட்டாலோ துண்டு மேலே எகிறும், பக்கத்தில் பெல்ட் கட்டி நிற்கிற ஆளை அடித்துவிடும். சரியாகப் பிடித்திருந்தால் அறுப்பு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வரும், துண்டு அசையாமல் பிரியும். இது கூடி வராமல் ரம்பம் சிக்கிக்கொள்ளும்போது கீழே இருந்து ஒரு குரல் வரும், ‘இன்னும் ரெண்டு விரல்கடைதான் பாக்கி, இழுத்துப் பாருங்க’ என்று. பாதி அறுந்த மரத்தைக் கிரேனால் பிய்ப்பதைவிட மோசமான யோசனை இந்தத் தொழிலிலேயே கிடையாது.

அப்புறம் தரை. வீட்டுக்குப் பக்கத்து மண்ணை யாரும் நம்பக் கூடாது. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மூடிவிட்ட பழைய கிணறு, குழாய் போட்டு மூடிய பள்ளம் என்று எதுவும் இருக்கலாம், மேலே அழகாகக் கல் பதித்திருப்பார்கள். பூம் ஒரு மூலைப் பக்கம் திரும்பும்போது வண்டி எடையும் பாரமும் சேர்ந்த மொத்தத்தில் பாதிக்கு மேல், சில நிலையில் முக்கால் பங்கு வரை, அந்த மூலையில் இருக்கும் ஒரு காலில் (வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றுவது) இறங்கும். காலுக்கு அடியில் அகலமான கட்டை இல்லாவிட்டால் கதை முடிந்தது. சுவர் இடிக்கிறது என்று ஒரு பக்கக் காலைப் பாதி மட்டும் நீட்டிவிட்டு, முழுக்க நீட்டிய நிலைக்கான லோடு சார்ட்டையே (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்கிற அட்டவணை) பார்த்து வேலை செய்வது இன்னொரு வழக்கமான தப்பு. அமெரிக்காவில் 2010-இல் வந்த கட்டுமானக் கிரேன் விதிகளில், நிலத்துக்கு அடியில் இருக்கும் தொட்டி, குழி, குழாய் பற்றிய விவரத்தை ஆபரேட்டருக்குச் சொல்லும் பொறுப்பை அந்த இடத்தை நிர்வகிப்பவரிடம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு வேலையில் அது வீட்டுக்காரரைத் தவிர யாருக்குத் தெரியும்? கேட்கவில்லை என்றாலும் நாமே சொல்லிவிடுவது நல்லது.

மின்கம்பி விஷயம் பலமுறை எழுதப்பட்டதுதான். பூம் கம்பியில் பட்டுவிட்டால் கீழே நிற்பவர்கள் வண்டியைத் தொடவே கூடாது, ஆபரேட்டரும் தீ பிடித்தாலொழிய இறங்கக் கூடாது. உதவிக்கு ஓடுகிறவர்தான் பல சமயம் முதலில் சாகிறார்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூம் கூரை மேல் போகும்போது உள்ளே டிவி பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், மாடியில் நின்று போனில் வீடியோவும் எடுக்காதீர்கள், எல்லோரும் வெளியே போய்விடுங்கள். வேலைக்குப் பேசும்போது வாடகையை மட்டும் பேரம் பேசாமல், பெரிய துண்டு எத்தனை கிலோ வரும், அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, அந்தத் தூரத்துக்குச் சார்ட் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பிரிட்டனில் 1998 முதல் இருக்கும் விதிப்படி, ஒவ்வொரு தூக்கும் வேலையையும் தகுதியுள்ள ஒருவர் முன்கூட்டியே திட்டமிட்டிருக்க வேண்டும். திட்டம் போட்டவருக்கு இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் வாயிலேயே இருக்கும். ‘அதெல்லாம் தூக்கிடும் சார்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

உங்களிடம் என் கோரிக்கை சின்னதுதான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், துண்டின் எடை என்ன, மரம் எவ்வளவு தூரத்தில் இருந்தது, எடையை யார் கணித்தார்கள் என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கவிழ்ந்து கிடக்கும் பூமைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், வண்டியின் கால் நின்ற இடத்தையும் அதற்கு அடியில் கட்டை இருந்ததா என்பதையும் கிட்டப் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கிரேன் ஆபரேட்டர் ஒருவர்