கம்பத்தில் அரை மில்லிமீட்டர்

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. டிஷ் வாங்கி, கம்பம் நட்டு, இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் திரையில் சிக்னல் க்வாலிட்டி பூஜ்யத்தை விட்டு அசையவில்லை, ஆளைக் கூப்பிட்டுவிடலாம் போலிருக்கிறது என்றாய். கூப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன் இதைப் படித்துவிட்டு இன்னொரு முறை மேலே ஏறிப் பார். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். கடிதமென்றால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறலாம்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நம் வீட்டு டிஷ்ஷை நான் முதன்முதலாகத் திருப்பியது ஞாபகம் இருக்கிறதா? அப்பா வேலைக்காக வெளியே போயிருந்த வாரம் அது. நான் மேலே ஸ்பேனரோடு நிற்பேன். நீ கீழே டிவி முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நம்பரைக் கத்துவாய். "பூஜ்யம்... பூஜ்யம்... அம்மா, நாப்பத்தஞ்சு!... போச்சும்மா!" திரும்பத் திரும்ப இதேதான் நடந்தது. சாயங்காலம் ஆன பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிக்னல் வந்ததும் ரிசீவர் அதைப் பிடித்து நம்பராகக் காட்ட ஒன்றிரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது. நீ பார்த்துக் கத்த ஒரு நொடி. அதற்குள் என் கை சேட்டிலைட்டைத் தாண்டிப் போயிருந்தது. அப்புறம் நான் துளி நகர்த்திவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். நீ நம்பர் சொன்ன பிறகுதான் அடுத்த துளி. அரைமணியில் கிடைத்துவிட்டது.

நீயும் வேகமாகத்தான் திருப்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். எவ்வளவு சின்ன இலக்கு என்று தெரிந்தால் கை தானாக மெதுவாகிவிடும். நீ தேடுகிற சேட்டிலைட் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் சுற்றுகிற எதற்கும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 23 மணி 56 நிமிடம், அதாவது பூமி தன்னைத்தானே சுற்றும் நேரம். அதனால்தான் அது நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. இதை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-இலேயே எழுதினார். அவர் பெயரிலேயே அந்த வளையத்தை கிளார்க் பெல்ட் என்கிறார்கள். 1964-இல் சின்காம் 3 என்ற சேட்டிலைட் அங்கே போய் நின்றது, அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பிக் காட்டியது. இன்று அந்த வளையத்தில் சேட்டிலைட்டுகள் இரண்டு மூன்று டிகிரி இடைவெளியில் வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி, ஒரு டிகிரி பிசகினால் நீ 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பார்க்கிறாய்.

இப்போது அதே ஒரு டிகிரி உன் கையில் எவ்வளவு என்று பார். இரண்டு அங்குலக் கம்பத்தின் மேல் கிளாம்ப் ஒரு டிகிரி திரும்பினால், கம்பத்தின் பரப்பில் அது நகர்வது அரை மில்லிமீட்டர் கூட இல்லை. பென்சில் கோட்டின் தடிமன்தான். கிளாம்பைப் பார்த்துக்கொண்டு திருப்பினால் எப்படித் தெரியும்? டிஷ்ஷின் விளிம்பைப் பார்த்துத் திருப்பு. 80 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பில் அதே ஒரு டிகிரி 7 மில்லிமீட்டர். அது கண்ணுக்கும் தெரியும், கைக்கும் அடங்கும். அந்த அளவு டிஷ்ஷின் பார்வை மொத்தமே ஏறக்குறைய 2 டிகிரி அகலம்தான். ஒரு தடவைக்கு 3, 4 மில்லிமீட்டர் நகர்த்து, மூன்று நொடி காத்திரு.

முதலில் கம்பம். டிஷ்ஷைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கம்பத்தில் ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார். பிறகு அதற்குச் செங்குத்தான இன்னொரு பக்கம் வைத்துப் பார். இரண்டு பக்கமும் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்து விட்டுவிடாதே. கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடவலமாகத் திருப்பும்போதே மேல்கீழும் சேர்ந்து மாறும். அப்புறம் எந்த நம்பரையும் நம்ப முடியாது. இதில் செலவழிக்கிற கால் மணி நேரம் பின்னால் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

அடுத்தது திசை. உன் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, சேட்டிலைட் நிற்கிற தீர்க்கரேகை டிகிரி மூன்றையும் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன. மூன்று எண் வரும். வடக்கிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்கிற திசைக்கோணம், அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரே பார்க்க வேண்டும் என்கிற ஏற்றக்கோணம், டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்குகிற சின்னப் பெட்டியான எல்என்பியைத் திருப்ப வேண்டிய கோணம். திசைக்கோணத்தை உண்மையான வடக்கிலிருந்து எண்ணுகிறார்களா, காம்பஸ் காட்டும் வடக்கிலிருந்து எண்ணுகிறார்களா என்று பார்த்துக்கொள். இரண்டும் ஒன்றல்ல. சில இடங்களில் பத்து டிகிரிக்கு மேல் கூட வித்தியாசம் வரும். போன் காம்பஸை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது கம்பத்தைத்தான் பார்க்கும்.

எனக்குச் சூரியன் மேல்தான் நம்பிக்கை. அன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு அதே திசைக்கோணத்துக்கு வரும் என்று பார்த்து வை. அந்த நிமிடம் கம்பத்தின் நிழல் தரையில் விழுகிற கோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. கோட்டை நிழலுக்கு எதிர்ப்பக்கம் நீட்டினால் அதுதான் உன் சேட்டிலைட் இருக்கும் திசை. கம்பம் நேராக இருந்தால் நிழலும் நேராக விழும், இதில் இரும்பு எதுவும் குறுக்கே வராது. அந்தத் திசையில் மரம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடு. இலை உதிர்ந்த காலத்தில் வைத்த டிஷ், தளிர் விட்டதும் படம் தராமல் போவது நடக்கிற விஷயம். ஈர இலை இந்தச் சிக்னலுக்குச் சுவர் மாதிரி.

ஏற்றக்கோணத்தில்தான் நீ குழம்பியிருப்பாய் என்பது என் ஊகம். நம் வீட்டு டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நீ. சேட்டிலைட் உன் தீர்க்கரேகைக்கு நேரே இருக்கிறது என்று வைத்துக்கொள். 10 டிகிரி அட்சரேகையில் அது 78 டிகிரி உயரத்தில் தெரியும். 60 டிகிரியில் 22 டிகிரிதான். 81 டிகிரிக்கு அப்பால் போனால் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். நீ இப்போது பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறாய். இன்னொன்றும் உண்டு. வீடுகளுக்கு விற்கிற டிஷ் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. அதன் முகம் எங்கே பார்க்கிறதோ, அதைவிட 20, 25 டிகிரி மேலிருந்துதான் சிக்னலை வாங்கும். ஆகவே உன் டிஷ் சரியான இடத்தில் நிற்கும்போது ஏறக்குறைய நிமிர்ந்த சுவர் மாதிரி இருக்கும். ஒருவேளை தரையைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்தது போலக்கூடத் தெரியும். தப்பாக இருக்கிறதே என்று மேலே தூக்கிவிடாதே. பிராக்கெட்டில் அச்சிட்ட டிகிரிக் கோடுகள் பொதுவாக அந்த ஆஃப்செட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டே போடப்பட்டவை. அதில் உன் எண்ணை வைத்துத் தொடங்கு.

எல்என்பியைத் திருப்புவதில் நான் ஒரு தரம் ஏமாந்திருக்கிறேன். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது வலஞ்சுழி என்பது, முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழி. நீ பார்க்கிற செயலி எங்கே நின்று சொல்கிறது என்று படித்துவிட்டுத் திருப்பு. 20 டிகிரி திருப்ப வேண்டியதை எதிர்ப்பக்கம் திருப்பினால் 40 டிகிரி பிசகு. சேட்டிலைட் அனுப்புகிற இரண்டு வகை அலை, மேல்கீழாக அதிரும் செங்குத்து அலையும் இடவலமாக அதிரும் கிடைமட்ட அலையும், ஒன்றோடொன்று கலந்து நல்ல சிக்னலும் தள்ளாடும்.

இனி கீழே, ரிசீவர். கேபிளை மாட்டுவதோ கழற்றுவதோ எதுவானாலும் முதலில் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிடு. அந்தக் கேபிளில் சிக்னல் மட்டும் வருவதில்லை, ரிசீவரிலிருந்து மேலே மின்சாரமும் போகிறது. 13 வோல்ட் போனால் எல்என்பி செங்குத்து அலையை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடைமட்டத்தை எடுக்கும். அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போனால் அலைவரிசையின் மேல் பாதிக்கு, அதாவது மேல் பேண்டுக்கு மாறும். மெனுவில் எல்என்பி வகை யுனிவர்சல், 9750, 10600 என்று இருக்கிறதா பார். நீ வாங்கியது கேயூ பேண்டு (வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் வாங்குகிற அலைவரிசை) யுனிவர்சல் என்றாய், அப்படியானால் இதுதான் சரி. வேறு வகை போட்டிருந்தால் டிஷ் அச்சாக நின்றாலும் பூஜ்யம்தான் வரும்.

அதேபோல டிரான்ஸ்பாண்டர், அதாவது சேட்டிலைட்டில் ஒரு அலைவரிசையில் சேனல்களை அனுப்புகிற கருவி. ரிசீவரில் ஏற்கெனவே இருக்கிற பட்டியல் பழசாக இருக்கலாம். அந்த அலைவரிசை இப்போது ஓடுகிறதா, போலரைசேஷனும் (செங்குத்தா, கிடைமட்டமா என்பது) சிம்பல் ரேட்டும் (தகவல் வருகிற வேகம்) அதேதானா என்று இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். இல்லாத ஒன்றைத் தேடி இரண்டு நாள் டிஷ்ஷைத் திருப்பியிருக்கவும் கூடும், கண்ணு. இலவசமாகத் திறந்து விடப்படுகிற சேனல் உள்ள டிரான்ஸ்பாண்டராகவும் எடுத்துக்கொள். பூட்டிய சேனல்களை மட்டும் சுமக்கிற அலைவரிசையிலும் க்வாலிட்டி அழகாகக் காட்டும், படம் மட்டும் வராது.

திரையில் இரண்டு பட்டை தெரியும். ஸ்ட்ரெங்த் எழுபது காட்டுகிறதே என்று நீ சொன்னாய். அதைப் பார்க்காதே. கேபிள் ஒழுங்காக இருந்து எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது ஏறி நிற்கும், டிஷ் சுவரைப் பார்த்தாலும் அப்படித்தான். க்வாலிட்டி ஒன்றுதான் பேச்சு. அது பூஜ்யத்திலிருந்து சட்டென்று எழும்பும் இடத்தில் சேட்டிலைட் இருக்கிறது.

எழும்பியதும் சந்தோஷத்தில் நட்டை இறுக்கிவிடாதே. முதலில் ஸ்கேன் செய்து சேனல் பெயர்களைப் பார். எனக்கு ஒரு தரம் எழுபது வந்தது. ஸ்கேன் செய்தால் ஒரு பெயரும் படிக்கத் தெரியவில்லை. பக்கத்து சேட்டிலைட், அதே அலைவரிசையில். விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியதும் நம்முடையது வந்தது. தப்பான சேட்டிலைட் கிடைப்பது நல்ல சகுனம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அது எந்த டிகிரியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் உன்னுடையதற்கு எந்தப் பக்கம், எவ்வளவு போக வேண்டும் என்பது கணக்காகிவிடும்.

சரியான சேட்டிலைட் வந்ததும் நடுவைத் தேடு. படம் தெளிவாக இருக்கிறது என்பது போதாது. டிஜிட்டல் படம் கடைசி வரை பளிச்சென்றுதான் இருக்கும். எல்லை தாண்டினால் ஒரேயடியாகக் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். வெயில் நாளில் அந்த எல்லையில் நிறுத்தி வைத்தாயானால் முதல் மழையிலேயே போய்விடும், கேயூ பேண்டு மழைக்கு அவ்வளவு பலவீனம். டிஷ்ஷை ஒரு பக்கம் மெதுவாக நகர்த்து. க்வாலிட்டி குறைந்து, உதாரணமாக நாற்பதுக்கு வரும்போது டிஷ்ஷின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். மறுபக்கம் போய் அதே நாற்பதில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவில் நிறுத்து. மேல்கீழுக்கும் இதே மாதிரி. பிறகு எல்என்பியைத் துளித்துளியாகத் திருப்பி உச்சத்தைப் பார்.

இறுக்கும்போது ஒரு பக்கத்து நட்டை முழுசாக முறுக்காதே. இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுபடும். அரை மில்லிமீட்டரைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

எல்லாம் சரியாகி, என்றாவது ஒரு மத்தியானம் சில நிமிடம் படம் போய்த் தானாகத் திரும்பி வந்தால் டிஷ்ஷைத் தொடாதே. பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, வருஷத்துக்கு இரண்டு முறை சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும். அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். சில நாள் அப்படி இருந்துவிட்டுப் போய்விடும்.

ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இல்லாமல் ஏறாதே. காற்றடிக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். டிஷ் பாய்மரம் மாதிரி இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஏறுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளின் இரு முனையிலும் கனெக்டரைக் கழற்றி, நுனியைக் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சுற்றிலும் இருக்கிற பின்னல் கம்பியில் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லா வேலையும் வீண். நடுக்கம்பி பச்சை பாரித்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடு. எல்என்பிக்குப் போகிற இடத்தில் கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக விடு, மழைத்தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அப்புறம், உன் பழைய போனை டிவி முன்னால் நிறுத்தி எனக்கு வீடியோ கால் போட்டு வை. புதுப் போனிலும் அதே காலில் சேர்ந்துகொண்டு மேலே போ. நான் இங்கிருந்து திரையைப் பார்த்து நம்பரைச் சொல்கிறேன். நீ துளி நகர்த்திவிட்டுக் கையை எடு, என் குரல் வரும் வரை அடுத்த துளி வேண்டாம்.

அன்புடன்,
அம்மா