பூட்டிய வீடும் எடுக்காத புரோபேட்டும்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஒரு வாசகர், வீட்டைக் கொஞ்ச நாள் பூட்டி வைத்தால் உள்ளூர் கவுன்சில் வந்து பறித்துக்கொள்ளும் என்று பயந்து எழுதியிருந்தார். வாசித்ததும் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து வீட்டை யாராவது பறித்துக்கொண்டு போகமாட்டார்களா என்று நான்கு வருடமாகக் காத்திருக்கிறவன் நான்.

கிழக்கு லண்டனில் வரிசை வீடு எங்களுடையது. நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் இருந்த ஐயா காலமானதிலிருந்து வீடு பூட்டியபடி கிடக்கிறது. கூரைப் பீலிக்குள் செடி முளைத்து அடைத்துவிட்டதால் மழைத் தண்ணீர் சுவரோடு வழிகிறது. என் மகளின் அறையில் சுவர்த்தாள் உரிந்து தொங்குகிறது. தூக்கிப் பார்த்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். பின்வளவில் நரி ஒன்று குட்டி போட்டிருக்கிறது. ஆகவே வீடு முற்றிலும் காலி என்றும் சொல்லமுடியாது.

சரி, கவுன்சிலுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் இங்கிலாந்தில் காலி வீட்டு மேலாண்மை ஆணை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த வாசகர் பயப்படுவதுபோல இதில் வீடு பறிபோவதில்லை. வீட்டு உறுதிப்பத்திரம் உரியவர் பேரிலேயே இருக்கும். கவுன்சில் வீட்டைப் பொறுப்பெடுத்துத் திருத்தி, வாடகைக்கு விட்டு, செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை உரிமையாளருக்குக் கொடுக்கும். கூடிப்போனால் 7 வருடம். முதற்படியான இடைக்கால ஆணை எடுப்பதற்கே தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். ஆரம்பத்தில் 6 மாதம் காலியாகக் கிடந்தால் போதும் என்றிருந்தது. 2012இல் அதை 2 வருடமாக்கி, அயலுக்குத் தொல்லை என்றும் நிரூபிக்கவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு இந்த ஆணையைப் பற்றிக் கேள்விப்படுவதே அபூர்வம்.

பக்கத்து வீடு 2 வருடத்தை எப்போதோ தாண்டிவிட்டது. தொல்லைக்கு என் சுவரே சாட்சி. ஆனாலும் ஆணை எடுக்கமுடியாது. ஐயாவின் பிள்ளைகள் மூவர்: ஒருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில், ஒருவர் இங்கே. விற்பதா, ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் காசு கொடுப்பதா என்று இழுபறி. அந்த இழுபறியில் புரோபேட், அதாவது இறந்தவரின் சொத்தைக் கையாள வாங்கவேண்டிய சட்ட அனுமதி, எடுக்கவேயில்லை. இறந்தவரின் வீட்டுக்கு, புரோபேட் கிடைத்து 6 மாதம் முடியும்வரை இந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரியிலும் இதே கதைதான். 2024 ஏப்ரல் முதல் ஒரு வருடம் காலியாகக் கிடந்தாலே இரண்டு மடங்கு வரி கேட்கலாம், 10 வருடம் போனால் நான்கு மடங்கு என்று பெரிதாகச் சொல்கிறார்கள். இறந்தவர் பேரில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு, புரோபேட் எடுக்கும்வரை அடிப்படை வரியே இல்லை. பிறகு எதை இரண்டால் பெருக்குவது?

புரோபேட் எடுத்தால் மணிக்கூடு ஓடத் தொடங்கும், எடுக்காவிட்டால் ஓடாது. அப்படியென்றால் எந்தக் குடும்பம் அவசரப்படும்? துக்கத்தில் இருப்பவர்களுக்கு அவகாசம் கொடுக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலக்கை இறந்த நாளிலிருந்து கணக்கிட்டு, 2 வருடத்தோடு நிறுத்தவேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

கவுன்சில் அலுவலர் தொலைபேசியில் கனிவாகத்தான் பேசினார். வெளிப்புறத்தைச் சீர்படுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம், 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தில் இடமுண்டு என்றார். அனுப்பியும் விட்டார்கள். எந்த முகவரிக்கு? அதே வீட்டுக்கு! கதவுக்குப் பின்னால் கிடக்கும் கடிதக் குவியலின்மேல் அதுவும் போய் விழுந்தது. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் கவுன்சிலே வீட்டை வாங்கிவிடும் கட்டாயக் கொள்வனவு என்ற கடைசி ஆயுதமும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்காக அந்தச் செலவிலும் வழக்கிலும் இறங்க எந்தக் கவுன்சிலுக்கு மனம் வரும்?

இங்கிலாந்தில் 6 மாதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீடுகள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். வீடில்லாமல் தற்காலிகத் தங்குமிடத்தில் இருக்கும் குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் கோவிலுக்கு வரும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளோடு ஹோட்டல் அறையொன்றில் கேத்தில் தண்ணீரில் நூடுல்ஸ் ஊறவைத்துக் கொடுக்கிறார். குசினியோடு மூன்று அறை வீடு என் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அப்புறம், பூட்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு தகவல். 2 வருடம் காலியாகக் கிடந்த வீட்டைத் திருத்தினால், வேலைக்கும் சாமானுக்கும் கட்டடக்காரர் 20 வீத வாட் வரிக்குப் பதில் 5 வீதம்தான் போடவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

என் பெயரைப் போடவேண்டாம். ஐயா உங்கள் ஆயுள் சந்தாதாரர். இதழ் இன்னும் அவர் பேருக்கு வருகிறது. இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் இதுவும் அந்தக் குவியலின்மேல்தான் விழும். என்றைக்காவது பிள்ளைகளில் ஒருவர் கதவைத் திறந்து எடுத்து வாசிக்கக்கூடும்.

இப்படிக்கு,
அடுத்த வீட்டுக்காரன்,
கிழக்கு லண்டன்