கிளம்ப முடியாத கப்பலுக்குப் பாக்கிப் பணம் கேட்பது பற்றிய புகார்

23 நவம்பர் 2020

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்

பொருள்: 2021 பிப்ரவரி 25 அன்று ஃபுளோரிடாவிலிருந்து கிளம்புவதாக உள்ள 10 இரவு கரீபியன் கப்பல் பயணம் (முன்பதிவு விவரங்கள் இணைப்பில்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நவம்பர் 27க்குள் மீதிப் பணம் முழுவதையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கேபின்களும் ரத்தாகிவிடும், முன்பணமும் திரும்பாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து இமெயில் வந்திருக்கிறது. மேலே நீலக் கடலும் நீச்சல் குளமும் உள்ள படம், கீழே கெடு தேதி சிவப்பு எழுத்தில். ஆனால் அந்தக் கப்பல் பிப்ரவரி 25 அன்று கிளம்பாது. இது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அக்டோபர் 30 அன்று புது ஆணை ஒன்றை வெளியிட்டது. மார்ச் 14 முதல் நீட்டித்துக்கொண்டே வந்த தடைக்குப் பதிலாக வந்தது அது. தடை நீங்கிவிட்டது என்றுதான் செய்திகளில் சொன்னார்கள், எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் நான் உட்கார்ந்து ஆணையையே படித்தேன். தடை நீங்கியது உண்மைதான், ஆனால் அதன் இடத்தில் ஒரு நீண்ட படிக்கட்டை வைத்திருக்கிறார்கள். முதலில் கப்பலில் இருக்கும் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் பரிசோதனை, கப்பலிலேயே பரிசோதனைக் கூடம். துறைமுகத்தோடும் உள்ளூர் சுகாதாரத் துறையோடும் ஒப்பந்தம்: யாருக்காவது நோய் வந்தால் எந்த மருத்துவமனை, தனிமைப்படுத்த எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு தன்னார்வலர்களை ஏற்றி ஓர் ஒத்திகைப் பயணம். அதற்கு 30 நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும். ஒத்திகை தேறினால் சான்றிதழுக்கு விண்ணப்பம், அதுவும் பயணிகளை ஏற்றுவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பு.

30ஐயும் 60ஐயும் கூட்டிப் பாருங்கள். இன்றிலிருந்து பிப்ரவரி 25 வரை 94 நாள் இருக்கிறது. அதாவது இந்த வாரமே ஒத்திகைக்கு அனுமதி கேட்டு, கேட்ட மாதிரியே கிடைத்து, ஒத்திகை ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்து, அறிக்கையை மறுநாளே கொடுத்தால்தான் ஏதோ கணக்கு உதைக்காமல் இருக்கும். ஒத்திகைப் பயணத்துக்கான விரிவான தொழில்நுட்ப வழிமுறைகளே இன்னும் வெளிவரவில்லை. உங்கள் நிறுவனம் ஒத்திகை பற்றி இதுவரை ஒரு வார்த்தை அறிவித்ததாக நான் எங்கும் பார்க்கவில்லை.

சரி, கால அட்டவணையை விடுங்கள். ஏதோ அதிசயம் நடந்து எல்லாம் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதே ஆணையில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: ஏழு நாளுக்கு மேற்பட்ட பயணத்தை நடத்தக் கூடாது, நடத்துவதாக முன்வரவும் கூடாது. எங்கள் பயணம் 10 இரவு. நீங்களே போட்ட திட்டம், நீங்களே அச்சிட்ட துறைமுகப் பட்டியல். ஆணை வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மூன்று வாரத்தில் உங்கள் சட்டப் பிரிவில் ஒருவர்கூட இதைப் படிக்கவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. படித்துவிட்டும் பாக்கி கேட்டு இமெயில் அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் தொலைபேசி உதவி மையத்தில் கேட்டேன். பேசியவர் மரியாதையானவர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "இப்போதைக்கு அந்தப் பயணம் திட்டமிட்டபடி உள்ளது மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழு நாள் நிபந்தனை பற்றிக் கேட்டபோது, தனக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பில் அது இல்லை என்றார். பாவம், குறிப்பில் இருந்தால்தானே அவர் சொல்ல முடியும்.

எங்களுக்கு இது முதல் அனுபவமாக இருந்திருந்தால் நிர்வாகக் குழப்பம் என்று விட்டிருப்பேன். இந்த வருட ஜனவரியில், கொரோனா என்ற பேச்சு அதிகம் இல்லாத நேரத்தில், அக்டோபர் பயணம் ஒன்றுக்கு முன்பணம் கட்டினோம். ஜூலையில் இதே மாதிரி இமெயில் வந்தது. அப்போதே சி.டி.சி. தடையை செப்டம்பர் 30 வரை நீட்டித்திருந்தது. "அதற்குப் பிறகு ஓடும்" என்று நீங்கள் சொன்னதை நம்பிப் பாக்கியைக் கட்டினோம். ஆகஸ்ட் 5 அன்று உங்கள் துறையின் சங்கமான சி.எல்.ஐ.ஏ., அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து அக்டோபர் 31 வரை பயணம் இல்லை என்று அறிவித்தது. அதைத் தொடர்ந்து எங்கள் பயணமும் ரத்து. ஜூலையில் கட்டிய பாக்கி எங்கள் கணக்குக்குத் திரும்ப வந்தது அக்டோபர் கடைசியில். முன்பணத்தை மட்டும், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வரவில்லை என்று சொல்லி, தானாகவே கிரெடிட்டாக மாற்றி பிப்ரவரிப் பயணத்தில் போட்டுவிட்டீர்கள். தேதியை மாற்றும் பொத்தான் இமெயிலின் நடுவில் பெரிதாக இருந்தது. ரீஃபண்ட் கேட்கும் படிவமோ இணையதளத்தில் மூன்று பக்கம் உள்ளே. அது தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை.

இப்போது நடப்பது இதுதான். நாங்கள் ரத்து செய்தால் முன்பணம் போய்விடும். நீங்கள் ரத்து செய்தால் எங்களுக்குப் பணம் முழுவதும் வர வேண்டும். ஆகவே நாங்கள் நீங்கள் ரத்து செய்வீர்கள் என்று காத்திருக்கிறோம், நீங்கள் எங்களில் எத்தனை பேர் சலித்துப்போய்த் தாங்களே விலகுவார்கள் என்று காத்திருக்கிறீர்கள். பாக்கி கட்டும் கெடு 90 நாள் முன்பு. உங்கள் ரத்து அறிவிப்புகள் வருவதோ அதற்கெல்லாம் பின்னால், பெரும்பாலும் கிளம்ப ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது. இடைப்பட்ட காலமும், அதன் பிறகு ரீஃபண்ட் வரும் வரைக்குமான காலமும் எங்கள் பணம் உங்களிடம் வட்டியில்லாக் கடனாகக் கிடக்கிறது. ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்கான பயணிகள், உங்களிடம் எத்தனையோ கப்பல்கள். வருமானமே இல்லாமல் நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு நிறுவனத்துக்கு அந்தக் கடன் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் கடன் வேண்டுமென்றால் வங்கியில் கேளுங்கள், விடுமுறைக்குச் சேர்த்து வைத்த குடும்பத்திடம் கெடு வைத்து வாங்காதீர்கள்.

எப்போது கப்பல்கள் ஓடும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,700க்கும் மேற்பட்டோர் அடைபட்டு, 700க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. வெஸ்டர்டாம் கப்பலில் தொற்று இருப்பதாக உறுதியாகாத நிலையிலேயே ஒரு நாடு மாற்றி ஒரு நாடு அனுமதி மறுத்து, கடைசியில் கம்போடியாவின் சிஹானுக்வில் ஏற்றுக்கொண்டது. இந்த மாதம்கூட, பயணிகளுக்கு முன்பே பரிசோதனை செய்து பார்படோஸிலிருந்து கிளம்பிய சீட்ரீம் 1 என்ற சின்னக் கப்பலில் தொற்று வந்து பாதியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. பயணிகள் அறுபது பேர்கூட இல்லாத கப்பலுக்கே இந்த நிலை. சி.டி.சி. கப்பல் பயணத்துக்கான எச்சரிக்கையை இந்த மாதம் மிக உயர்ந்த 4ஆம் நிலைக்கு ஏற்றியிருக்கிறது. தடுப்பூசிச் செய்திகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் அது எங்களுக்கெல்லாம் எப்போது வந்து சேரும் என்று தெரியாது. இதையெல்லாம் உங்கள் தவறு என்று நான் எழுதவில்லை. தேதி தெரியாதது உங்கள் குற்றம் இல்லை, தெரிந்த மாதிரி விற்பதுதான் குற்றம்.

மற்ற இடங்களில் வேறு மாதிரியும் செய்கிறார்கள். ஆகஸ்ட் 16 அன்று இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து எம்.எஸ்.சி. கிராண்டியோசா கிளம்பியது. ஏறும் முன் எல்லோருக்கும் பரிசோதனை, கரையில் இறங்கினால் கப்பல் நிறுவனம் கூட்டிப்போகும் சுற்றுலா மட்டும், தனியாகத் திரிய அனுமதி இல்லை. சிங்கப்பூரில் இந்த மாதம் 6ஆம் தேதி முதல், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலைச் சுற்றித் திரும்பும் குறுகிய பயணங்கள், அதுவும் பாதி அளவு பயணிகளோடு. இவை நாங்கள் கனவு கண்ட கரீபியன் விடுமுறை இல்லைதான். ஆனால் டிக்கெட் வாங்குகிறவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்பது தெரிகிறது. இந்தச் சூழலுக்குள் எது நடக்குமோ அதை மட்டும் விற்கிறார்கள்.

எங்களில் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்தான் இந்தப் பயணத்துக்கு முதலில் ஆசைப்பட்டவர். வயதானவர்கள் இப்போது கப்பலில் போக வேண்டாம் என்று சி.டி.சி. சொல்வதைப் படித்துக் காட்டினேன். "அப்போ பிப்ரவரியில் போகப்போவதில்லை, பணத்தை வாங்கிக்கொண்டு வா" என்றார். அவ்வளவு எளிதாக முடிய வேண்டிய விஷயம் இது. உங்கள் விதிப்படி அவர் விலகினால் அவர் பங்கு முன்பணம் பறிபோகும், கேபினில் ஆள் குறைந்ததற்காக எங்கள் கட்டணமும் மாறும். பயணக் காப்பீட்டையும் விசாரித்தோம். உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11 அன்று பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு எடுக்கும் காப்பீட்டில், கொரோனா பயத்தால் விலகினால் ஒன்றும் கிடைக்காது, அது முன்பே தெரிந்த ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்பே தெரிந்த ஆபத்து, கப்பல் நிறுவனத்துக்கு மட்டும் தெரியாதா?

கிரெடிட் பற்றியும் சொல்ல வேண்டும். அதை 2021 டிசம்பர் 31க்குள் பயணம் செய்தே தீர்க்க வேண்டுமாம். உங்கள் கப்பல் எப்போது கிளம்பும் என்பதற்குத் தேதி இல்லை, எங்கள் பணம் எப்போது காலாவதியாகும் என்பதற்கு மட்டும் தேதி இருக்கிறது. பிப்ரவரி ரத்தாகி, பிறகு அடுத்த கோடைக்கு மாற்றி, அதுவும் ரத்தானால் என்ன செய்வது? அந்தக் கப்பலே அதுவரை உங்களிடம் இருக்குமா என்றும் தெரியவில்லை. துருக்கியின் அலியாகா கரையில் இந்த வருடம் உல்லாசக் கப்பல்களை வரிசையாக நிறுத்தி உடைக்கும் படங்களைப் பார்த்த பிறகு, எங்கள் கேபின் எண் இருக்கும் கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. சும்மா ஒரு வரியில் அதற்கும் பதில் எழுதினால் நல்லது.

எங்களுக்கு வேண்டியது இது. நவம்பர் 27 கெடுவை எங்கள் முன்பதிவுக்கு இன்றே நிறுத்திவையுங்கள். அந்தக் கப்பலுக்குச் சான்றிதழ் கிடைத்த பிறகு பாக்கி கேளுங்கள், அன்றே கட்டுகிறோம். 10 இரவுப் பயணம் இப்போதுள்ள ஆணைப்படி நடக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, நீங்களே அதை ரத்து செய்து, முன்பணத்தை எந்தப் பிடித்தமும் இல்லாமல் பணமாகவே திருப்பித் தாருங்கள், கிரெடிட்டாக அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புச் சுற்றுலா ரத்தானால் 14 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாங்கள் அங்கே வாங்கவில்லை, ஆகவே அதைச் சட்டமாகக் காட்டிக் கேட்கவில்லை. ஆனால் 14 நாளில் அங்கே செய்ய வேண்டியதை மற்றவர்களுக்குச் செய்ய மூன்று மாதம் ஏன் ஆகிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. இன்னும் கிரெடிட் வைத்திருக்கும் மற்ற பயணிகளுக்காகவும் ஒன்று கேட்கிறேன்: காலாவதிக் கணக்கை, உங்கள் கப்பல்கள் உண்மையில் ஓடத் தொடங்கும் நாளிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் நிறுவனத்தோடு இனிமேல் பயணமே வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. மாமியாரின் ஆசை அப்படியேதான் இருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு, ஆணை தெளிவான பிறகு, நீங்கள் ஒரு நேரான தேதியைச் சொன்னால் மறுபடி முன்பதிவு செய்ய வருவோம்.

பதிலை எழுத்து வடிவில், நவம்பர் 26 மாலைக்குள் அனுப்புங்கள். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தானாக வரும் இமெயிலைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்குள் பதில் வராவிட்டால் பாக்கி கட்டப்படாது. முன்பணத்துக்காக, ஜனவரியில் அதைச் செலுத்திய கிரெடிட் கார்டு வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து மனு கொடுப்பேன், நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் புகார் பதிவு செய்வேன். முன்பதிவு ரசீது, ஜூலை மாதக் கட்டண ரசீது, ஆகஸ்ட் ரத்து அறிவிப்பு, இப்போது வந்த இமெயில், சி.டி.சி. ஆணையில் ஏழு நாள் நிபந்தனை உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பிப்ரவரி 25 பயணத்தின் முன்பதிவாளர்