உளுந்தஞ்சோறு கற்றுக்கொடுத்து அனுப்பு

எஸ்போ, பின்லாந்து
ஜூன் 14

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு லேசானது. கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். நாம் கல்லூரியில் படித்த காலத்திலேயே அது பெரிய மரம். ஒரு கொம்பையாவது வெட்டி வேலியோரம் ஊன்றி வை, துளிர்த்துவிடும்.

இங்கே இப்போது இரவு பத்து மணி. விளக்குப் போடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வெயில் இருக்கிறது. பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கறுப்புத் திரை போட வேண்டியிருக்கிறது. இவருக்கு வேலை பரவாயில்லை. சின்னவன் வீட்டில் தமிழும் பள்ளியில் பின்னிஷுமாகப் பேசுகிறான், கோபம் வந்தால் மட்டும் என் அம்மா மாதிரி திருநெல்வேலித் தமிழ்.

சரி, உன் மகள் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். இங்கே தம்பரே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது எனக்கும் பெருமைதான். அங்கிருந்து எங்கள் வீடு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதனால் அவள் தனியாக இருக்கிறாள் என்று நீ நினைக்கவே வேண்டாம். ஆனால் அவள் பெட்டிக்கென்று நீ அனுப்பியிருக்கும் பட்டியலைப் படித்ததும் எனக்குப் பதினோரு வருடத்துக்கு முந்தைய என் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மோர் மிளகாய், கூழ் வத்தல், இரண்டு விதத் தொக்கு. 23 கிலோவில் பாதி சாப்பாட்டுச் சாமான். நானும் அப்படித்தான் வந்தேன். டிசம்பர் வரை அது ஓடியது. காலை ஒன்பதரைக்கு விடிந்து மூன்றேகாலுக்கு இருட்டுகிற அந்த மாதத்தில், கடைசிப் பொட்டலம் பருப்புப் பொடியும் தீர்ந்தது. அன்றைக்குத்தான் ஊர் நிஜமாகவே தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. டப்பாவைக் கழுவ மனம் வராமல் ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், பட்டியலைப் பாதியாக வெட்டு. ஆகஸ்ட் கடைசிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அவளை அடுப்படியில் உன் பக்கத்தில் நிறுத்தி வை. பொடி எப்படியும் தீரும். கைப்பழக்கம் இருந்தால் இங்கே கிடைப்பதை வைத்தே நம் சாப்பாட்டைச் செய்துவிடலாம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இத்தனை வருடம் இங்கே உலை வைத்துத் தெரிந்துகொண்டது.

இட்லியையே எடுத்துக்கொள். மாவு நன்றாகப் பொங்க முப்பது டிகிரியாவது வேண்டும். பாளையங்கோட்டையில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே வீட்டுக்குள் பெரும்பாலும் இருபது, இருபத்தொன்றுதான். முதல் வருடம் ஒன்றரை நாள் காத்திருந்தும் கல் மாதிரி இட்லி. அப்புறம் வழி கிடைத்தது, சவுனாவில், அதாவது இந்த ஊர்க்காரர்கள் வியர்க்க உட்கார்ந்து குளிக்கிற சூட்டறையில். 55 லட்சம் பேர் உள்ள இந்த நாட்டில் 30 லட்சம் சவுனா என்று சொல்வார்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே குளியலறையை ஒட்டி ஒரு சின்ன மர அறை இருக்கிறது. சனிக்கிழமை சவுனா நாள். எல்லோரும் குளித்து முடித்து, அடுப்பை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, அறை வெதுவெதுப்பாக ஆறியதும் மாவுச் சட்டியைக் கீழ்ப்பலகையில் வைப்பேன். மேல்பலகையில் வைக்கக்கூடாது, சூடெல்லாம் மேலேதான் நிற்கும். ஒரு முறை அவசரப்பட்டு மேலே வைத்து, சட்டியின் ஓரமெல்லாம் வெந்து, மாவு பொங்கவேயில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் இட்லி, ஊரில் போலவே. பாப்பா இருக்கப்போகும் மாணவர் குடியிருப்பில் முறை வைத்துப் பொதுச் சவுனா இருக்கும், அங்கே மாவுச் சட்டியைக் கொண்டுபோக முடியாது. ஓவன் அடுப்பின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கச் சொல், அது போதும்.

மீனைப் பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய். சாளை இல்லாமல் அவள் எப்படி இருப்பாள் என்று. இங்கே சிலக்கா என்று ஒரு மீன் உண்டு, பால்டிக் கடல் மீன், நம் சாளையின் இனம்தான். அந்தக் கடலில் உப்பு குறைவு, அதனாலேயோ என்னவோ மீன் சின்னதாகத்தான் வளர்கிறது. விலை மலிவு. இந்த ஊர்க்காரர்கள் ரை என்ற தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். நான் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு, புளி கரைத்து, சின்ன வெங்காயத்துக்குப் பதில் இங்கே கிடைக்கும் ஷாலட் வெங்காயம் போட்டுக் குழம்பு வைக்கிறேன். ரொம்ப மெல்லிய சதை. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு போட்டு, கரண்டி வைக்காமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட வேண்டும். ஹெல்சிங்கி துறைமுகச் சந்தையில் ஒவ்வொரு அக்டோபர் தொடக்கத்திலும் சிலக்காச் சந்தை கூடும், 1743-லிருந்து நடக்கிறது. தீவுகளிலிருந்து வரும் மீனவர்கள் படகில் நின்றபடியே விற்பார்கள். உப்பில் போட்ட மீன் வாடை அடிக்கும்போது எனக்குத் தூத்துக்குடி நினைவு வந்து தொண்டை அடைக்கும். இந்த அக்டோபரில் பாப்பாவை அங்கே கூட்டிப்போகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. அவருக்கு ஒரு கிண்ணம் சிலக்காக் குழம்பு கொடுத்தேன். புது உருளைக்கிழங்கை அவித்து அதில் தொட்டுச் சாப்பிட்டார். அடுத்த செப்டம்பரில் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் புவோலுக்கா பறிக்கக் கற்றுக்கொடுத்தார். மணித்தக்காளி அளவில் சிவப்பாக, நல்ல புளிப்போடு ஒரு பழம். இங்கே யாருடைய காடானாலும் யாரும் பழம் பறிக்கலாம், அது சட்டப்படி எல்லோருக்கும் உள்ள உரிமை. அந்தப் பழத்தில் இயற்கையாகவே கெடாமல் காக்கும் சத்து இருக்கிறது, இந்த ஊர்க்காரர்கள் வெறும் தண்ணீரில் போட்டே குளிர்காலம் முழுக்க வைத்திருந்திருக்கிறார்கள். நான் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து ஊறுகாய் போட்டேன். களாக்காய் ஊறுகாய்க்கு மிகப் பக்கத்தில் வருகிறது செல்வி! மே மாதம் முளைக்கிற செந்தட்டியையும் அந்த அம்மாதான் காட்டினார். கையுறை போட்டுப் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் சுணை போய்விடும். பாசிப்பருப்போடு கடைந்தால் அருமையான கீரை. மோர்க்குழம்புக்கு பீமா என்று ஒரு புளித்த மோர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

இப்போது உளுந்தஞ்சோற்றுக்கு வருகிறேன். தலைப்பிலேயே அதைத்தானே எழுதினேன்.

2023 டிசம்பர் மழையை நீ மறந்திருக்க மாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்விட்டது. அம்மா அங்கே தனியாக. தாமிரபரணி கரை தாண்டிவிட்டது என்கிறார்கள், போன் போகவில்லை. உனக்கும் போகவில்லை. இரண்டு நாள். இங்கே வெளியில் பனி, இருட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எதற்கென்று தெரியாமல் தோல் உளுந்தை எடுத்து வறுக்க ஆரம்பித்தேன். அந்த மணம் எழும்பியதும் சட்டியின் முன்னால் நின்று அழுதேன். அப்புறம் பூண்டு உரித்தேன், தேங்காய் துருவினேன், எள்ளை வறுத்துத் துவையல் அரைத்தேன். செய்வதற்கு அடுத்து அடுத்து ஒரு வேலை இருந்தது, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மூன்றாம் நாள் காலை அம்மா யாருடைய போனிலிருந்தோ பேசினாள். பக்கத்து வீட்டு மாடியில் இருபது பேரோடு இருந்திருக்கிறாள். அவள் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டியா?” உளுந்தஞ்சோறு என்றேன். “துவையலுக்குப் புளி கொஞ்சமா வச்சியா?” என்றாள்.

அதனால்தான் பாப்பாவுக்கு வேறு எதைக் கற்றுக்கொடுக்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொடு என்கிறேன். ஒரே பானை. ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு அரை டம்ளர் தோல் உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும், கருகவிடக்கூடாது. ஒரு கை நிறையப் பூண்டு, அரை மூடித் தேங்காய், அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், உப்பு, நாலரை டம்ளர் தண்ணீர். குக்கரில் நான்கு விசில். குழைவாக இருக்கும்போதே நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும். தோல் உளுந்து, புழுங்கலரிசி, உறைய வைத்த தேங்காய்த் துருவல் எல்லாம் ஹெல்சிங்கியில் ஹகானியெமி பக்கத்துக் கடைகளில் கிடைக்கும், நானே வாங்கி வைத்திருப்பேன். ஒரு தடவை நீ செய்து அவள் பார்த்தால் போதாது. அவள் செய்ய, நீ பேசாமல் நிற்க வேண்டும். கருகினால் கருகட்டும்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்டாயே. கருவேப்பிலை வைக்காதே, பச்சை இலை, காய்கறி எதுவும் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், 2019 டிசம்பரிலிருந்து இந்த விதி. நெய்யும் பால்கோவாவும் கூடாது. தேங்காய்க்கு விலக்கு உண்டு. நெத்திலிக் கருவாடு கொண்டு வரலாம், மூன்று உறை போட்டுக் கட்டு. கட்டிப் பெருங்காயம், உங்கள் வீட்டுக் குழம்பு மிளகாய்ப்பொடி, உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு. குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒத்துவரும் எவர்சில்வர் குக்கராக வாங்கு, அலுமினியம் அதில் சூடாகாது. மிளகாய் வறுக்கிற வேலையெல்லாம் ஊரிலேயே முடித்துவிடு, இங்கே கொஞ்சம் நெடி கிளம்பினாலும் புகைமணி அலறும், பக்கத்து அறைப் பிள்ளைகள் பதறிப்போவார்கள். மதியச் சாப்பாடு பல்கலைக்கழக உணவகத்தில் அரசு உதவியோடு மூன்று யூரோவை ஒட்டிய விலையில் கிடைத்துவிடும். ராத்திரிச் சாப்பாடுதான் அவள் பாடு.

ஒரு உதவி வேண்டும். உங்க அம்மா செய்கிற எள்ளுத் துவையலில் என்னமோ ஒன்று கூடுதலாக இருக்கும், விடுதிக்குக் கொடுத்துவிடுவார்களே, அது. எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. கறுப்பு எள்ளா, வெள்ளை எள்ளா, பூண்டு பச்சையாகவா, வறுத்தா? அத்தையிடம் கேட்டு பாப்பா கையால் எழுதச் சொல்லி அனுப்பு. அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேள்.

விமானம் எந்தத் தேதி என்று தெரிந்ததும் சொல். ஹெல்சிங்கி-வந்தா விமான நிலையத்துக்கு நானே வருவேன். அன்றைக்கு சனிக்கிழமையாக அமைந்தால் நல்லது, மறுநாள் காலை இட்லி கொடுத்துத் தம்பரேக்கு ரயிலேற்றிவிடுவேன்.

அன்புடன்,
மீனா