வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவருக்கு

பெயர் கேட்க மறந்துவிட்டேன். அதனால் இப்படிப் பொதுவில் ஒரு நன்றி.

தனியாகப் போன வெளிநாட்டுப் பயணம். கடைசி இரண்டு நாளும் சுற்றும் ஆசை தீர்ந்து, வீட்டு நினைப்பு வந்துவிட்டது. பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே பொழுது போனது. அந்த அவசரத்தில்தான் பவர் பேங்கைத் துணியோடு சுருட்டிப் பெட்டியின் அடியில் போட்டிருக்கிறேன்.

விமான நிலையத்தில் என் கையில் வெறும் சார்ஜர் ஒயர் தொங்குவதைப் பார்த்து, "பவர் பேங்க் எங்கே?" என்றீர்கள். பெட்டியைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். லித்தியம் பேட்டரி கைப்பையில் புகைந்தால் உடனே அணைக்கலாம், சரக்கு அறையில் என்றால் யார் கிட்டே போவது?

நான் நாலு சுற்று ஒட்டியிருந்த டேப்பை உங்கள் சாவி முனையால் கீறி, தரையில் முட்டி போட்டு, என் அழுக்குத் துணிகளை முகம் சுளிக்காமல் பிடித்துக்கொண்டீர்கள். (கூச்சத்தில் செத்தேன்.) அப்புறம் பவர் பேங்கின் முதுகைப் படித்து மனக்கணக்கு: 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட், ஆக 74 வாட்-மணி. "நூறுக்குள்தான், கையில் எடுத்துப் போகலாம்" என்றீர்கள்.

பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். ரொம்ப நன்றிங்க. என்னால் தாமதமாகாமல் உங்கள் விமானத்தைப் பிடித்தீர்களா? சாவியில் ஒட்டிய டேப் பிசின் போயிற்றா?